கலர் வராத கேமரா

என் அண்ணி போட்டோகிராஃபர். இதைச் சொன்னதும், கல்யாணத்துக்கு எவ்வளவு வாங்குவாங்க என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவள் இதுவரை ஒரு கல்யாணத்தையும் எடுத்ததில்லை. கொஞ்சம் சிரிங்க என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புண் பிரிவில் புண்களைப் படம் எடுப்பதுதான் அவள் வேலை. தீப்புண், படுக்கைப் புண், தையல் பிரிந்த வயிறு, சர்க்கரைக்காரர்களின் ஆறாத பாதம். ஒவ்வொரு நோயாளியின் புண்ணையும் வாராவாரம் அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில், அதே கோணத்தில் எடுக்க வேண்டும். டாக்டர்கள் போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆறுகிறதா முற்றுகிறதா என்று சொல்வார்கள்.

அண்ணி என்று சொல்கிறேனே தவிர, அவள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்ச். பேர் சொல்லி, வாடி போடி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை என் அண்ணன் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, இனிமேல் அண்ணி என்று கூப்பிடு என்றான். கூப்பிட்டேன். ஆனால் மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. மற்றபடி இன்றைக்கு வரைக்கும் நீ, வா, போதான். அவளும் என்னிடம் நாத்தனார் என்று பயந்ததில்லை. பயப்படுகிற மாதிரி நானும் என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

அந்த வேலைக்கு அவள் போனதே ஒரு கூத்து. கல்யாணத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் உதவிக்கு இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ படம் எடுக்க வேண்டும் என்று அந்த ஸ்டூடியோ முதலாளியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார். முதல் தீப்புண்ணைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இவள் அவர் கையிலிருந்த கேமராவை வாங்கி, எடுக்க வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவருக்குத் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தாளாம். அடுத்த மாதமே ஆஸ்பத்திரி இவளைத் தனியாகக் கூப்பிட்டு வேலையில் வைத்துக்கொண்டது.

ஒருமுறை அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். புண்ணுக்கு அடியில் நீலத்துணி விரிப்பாள். பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலையும், வண்ணக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையையும் வைப்பாள். எந்த விளக்கில் எடுத்தாலும் அந்த அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். எடுத்து முடித்ததும் அநேகமாக எல்லா நோயாளிகளும் கேட்கிற கேள்வி, நல்லா இருக்கா என்பதுதான். புண்ணைத்தான் கேட்கிறார்கள். அவள் படத்தைப் பார்த்து, நல்லா வந்திருக்கு என்பாள். ஆறுகிறது என்றோ ஆறவில்லை என்றோ சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அவளோடு துணிக்கடைக்குப் போவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். நான் ஆசையாக ஒரு கருஞ்சிவப்பை எடுத்து விரித்தால், அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது ரத்தம் காய்ஞ்சு போன கட்டோட கலர் என்பாள். பச்சை கலந்த மஞ்சளைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு மேல் அந்தத் துணியை உடம்பில் போட யாருக்கு மனசு வரும்? கடைக்காரர்கள் எங்கள் இருவரையும் கண்டாலே கண்ணாடி அலமாரியைச் சாத்துவார்கள்.

சிரித்துச் சொல்கிறேன், ஆனால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்குகூடப் போடாமல், சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டீ ஆறி ஆடை கட்டும். அண்ணன் என்ன ஆச்சு என்று கேட்டால், ஒண்ணுமில்ல, கண்ணு களைச்சிருக்கு என்பாள். அவனும் அதோடு விட்டுவிடுவான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் சாயங்காலத்தில் ஒரு சத்தமும் இருக்காது. கீழ் வீட்டில் துணி ஆல்ட்டர் செய்யும் மிஷினோடு குடியிருப்பவள் நான். மேலே நாற்காலி நகர்ந்தால்கூட எனக்குக் கேட்கும். பல நாள் நாற்காலிகூட நகராது.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவன். தெருவே அவனை மீட்டர் என்றுதான் கூப்பிடும். வேலையில் இருந்த காலம் முழுக்க நடந்துகொண்டே இருந்தவன். இந்த ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டி ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் கை ஒடிந்தவன் மாதிரி ஆகிவிட்டான். உடம்பில் சர்க்கரை வேறு. கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பான். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணி அந்தக் கேமராவை வாங்கினாள். உள்ளங்கையில் அடங்குகிற, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னக் கேமரா. கன்னங்கரேல் என்று இருந்தது. அதன் விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அதைவிட, அதில் கறுப்புவெள்ளைதான் வரும், கலரே வராது என்று அவள் சொன்னதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கலர் டிவி வந்த அன்றைக்கே கறுப்புவெள்ளை டிவியைப் பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போட்ட குடும்பம் நாங்கள். எல்லாக் கேமராவுக்குள்ளும் கலரைப் பிரிக்கிற ஒரு வடிகட்டி இருக்குமாம். இதில் அதை எடுத்துவிட்டு, வெறும் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற மாதிரி செய்திருக்கிறார்களாம். அதனால் சாம்பலுக்குள் இருக்கிற அத்தனை சாம்பலும் தெரியுமாம். ஒரு சாமானைக் கழற்றினதுக்கு விலையைக் குறைக்கணுமா கூட்டணுமா என்று கேட்டேன். அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. சிவப்பைப் பார்க்காம ஒரு படம் எடுக்கணும் போல இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் வழிகாட்டி. அவன் தன் பழைய சந்துகளுக்குள் அவளைக் கூட்டிப்போவான். அவள் மனிதர்களை எடுக்க மாட்டாள். ஈரம் ஏறிய சுவர், பூட்டிய கடையின் இரும்புக் கதவு, மாடிப்படியில் விழும் கம்பி நிழல், கேபிள் ஒயர்கள் சிக்குப்போட்டுக்கொண்ட கம்பம், இப்படி யாரும் திரும்பிப் பார்க்காததையெல்லாம் எடுப்பாள். அவன் அவளுக்கு முன்னால் போய் நின்று, வண்டி வருது, ஓரமா நில்லு என்று போலீஸ்காரன் மாதிரி கையைக் காட்டுவான். திரும்பி வரும்போது அவர்கள் பேச்சு தெருமுனையிலிருந்தே கேட்கும். முதல் தடவை அவள் சிரிப்புச் சத்தம் கேட்டபோது, யாரோ விருந்தாளி என்று நினைத்து நான் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு நானும் போனேன். ஒரு வீட்டு கேட்டுக்குப் பளீர் சிவப்பில் பெயின்ட் அடித்திருந்தது. அண்ணி கேமராவில் ஒரு பட்டனை அமுக்கி அதை எடுத்துக் காட்டினாள். படத்தில் கேட் வெள்ளை வெளேர் என்று இருந்தது. உள்ளேயே ஒரு சிவப்பு ஃபில்டர் இருக்கிறதாம், பட்டனை அமுக்கினால் அது முன்னால் வந்து நிற்குமாம். சிவப்பு எதுவாக இருந்தாலும் வெளுத்துவிடும், வானம் மட்டும் கறுத்துவிடும். அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம். காசு செலவில்லாம வெள்ளையடிச்சுட்டியே என்று சொல்லி, தானும் ஒருதரம் அமுக்கிப் பார்த்தான். மேகத்துக்கு மட்டும் போடுவேன், வீட்டுக்குள்ள இதைத் தொடவே மாட்டேன் என்றாள் அவள்.

சில மாதம் கழித்து அண்ணனுக்கு வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது. சர்க்கரைக் கால் ஆயிற்றே, அது அழுத்தினதே அவனுக்குத் தெரியவில்லை. கொப்புளம் உடைந்து புண் ஆனது. பக்கத்து கிளினிக் டாக்டர் மருந்து கொடுத்தார், கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார், புண் ஆறுகிற வரைக்கும் நடையைக் குறைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வாங்க, எங்க பிரிவிலேயே காட்டலாம் என்றாள் அண்ணி. அவன் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை அவளுக்குச் சாவி கொடுக்கப் போனவன், அவள் அறையில் பெரிய திரையில் ஒரு பாதத்தைப் பார்த்துவிட்டான். யாருடைய பாதமோ. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால், என் காலை அந்தத் திரையில ஏத்தக்கூடாது, கலர்ல படமே எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வேண்டுமானால் உன் சின்னக் கேமராவில் எடுத்துக்கொள், அதில் பார்க்க அருவருப்பாக இருக்காது என்றான்.

அண்ணி யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள். அது முட்டாள்தனம் இல்லை, அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. புண்ணின் அளவை அளக்கக் கறுப்புவெள்ளையே போதும். சுற்றிலும் சிவப்பு பரவினாலும் அந்த இடத்துச் சாம்பல் கொஞ்சம் கறுக்கும், போன வாரப் படத்தோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். படம் சரியா இருந்தா அந்த வாரம் கொஞ்ச தூரம் நடக்கலாம், கொஞ்சம் மோசமா இருந்தாலும் நடை கிடையாது, நேரா ஆஸ்பத்திரிதான் என்றாள். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கப் போவதற்கு முன்னால் மேல் வீட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடக்கும். மேஜை விளக்கு, நீலத்துணிக்குப் பதில் ஒரு பழைய தலையணை உறை, அளவுகோல் எல்லாம் தயாராக இருக்கும். அண்ணன் கட்டைப் பிரித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எடுப்பாள். மற்ற நாளெல்லாம் கட்டுப் போடுவது அவன் வேலை. அவள் வேலைக்குப் போகிறவள், வந்தால் களைத்துப் போய் வருகிறவள், நானே பார்த்துக்கிறேன் என்று அவன் சாக்ஸை மாட்டிக்கொண்டுவிடுவான்.

இரண்டு கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிற்பாடு கேட்டேன், நன்றாகவே கேட்டேன். பார்த்திருக்கிறாள். கொஞ்சம் சிவந்த மாதிரிதான் இருந்திருக்கிறது. ஆனால் மஞ்சள் விளக்கு, மாநிறத் தோல். போதாக்குறைக்கு அவள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே கண்ணை நம்பாதே என்பதுதான். காலையில் பார்த்த சிவப்பு சாயங்காலத்தில் வேறு மாதிரி இருக்கும். பயத்தில் பார்த்தால் ஒரு மாதிரி, தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் ஒரு மாதிரி. படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், அது சொல்வதை மட்டும் கேள் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிற புதுசுகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். படத்தில் புண்ணின் வாய் வாராவாரம் சுருங்கிக்கொண்டு வந்தது. சுற்றிலும் தோல் முன்பைவிடத் தெளிந்து, வெளுப்பாக, அழகாகவே இருந்தது. பரவாயில்லைங்க, ஆறிட்டு வருது என்று அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாத அந்த வார்த்தையைத் தன் புருஷனிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ஏதோ நூல் கேட்க மேலே போயிருந்தேன். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தே வருஷக்கணக்கு ஆயிற்று. இருவரும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் நடுவில் ஒரு நாள், மத்தியானம். மேலேயிருந்து ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தான். தண்ணீர்ச் சொம்பு தரையில் உருண்டு கிடந்தது. அந்த வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தான். வலது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான், சாக்ஸ் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. பாதம் வீங்கி, கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்குப் பாதி தூரம் வரைக்கும் சிவந்து கிடந்தது. எனக்குப் புண்ணைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனால் அது ஆறுகிற கால் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவனை வண்டியில் ஏற்றி அவள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. புண் பிரிவில் யாரைச் சேர்த்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தள்ளுபடுக்கை உள்ளே போனதும், கழுத்தில் பெரிய கேமராவோடு அண்ணி திரும்பினாள். படுக்கையில் யார் என்று பார்த்தாள். பக்கத்திலிருந்த நர்ஸ், விடுங்க அக்கா, வேற யாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்றாள். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொல்லி, நீலத்துணியை விரித்தாள். அளவுகோலை வைத்தாள். வண்ண அட்டையை வைத்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் படம் அசங்கிப் போய், இரண்டாவது எடுத்தாள்.

பெரிய டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார். மேலே வாய் மூடிக்கொண்டு வந்திருக்கிறது, உள்ளே சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது என்றார். இது எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாக ஏறியது, பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அண்ணி பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்து, படங்களைப் பெரிய திரையில் வரிசையாகப் போட்டாள். கடைசியில் அவன் கால் அந்தத் திரைக்கு வந்தே விட்டது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக, வெளுப்பாக இருந்தன. பிறகு படத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, முதல் படத்தைத் தவிர மத்ததெல்லாம் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்திருக்கே, ஏன் என்று கேட்டார்.

அண்ணி திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கவனிக்கல சார். என் தப்புதான்."

டாக்டர் அதற்கு மேல் அவளை விடவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் பரவாயில்லை, இத்தனை வருஷம் இந்த வேலையைப் பார்த்தவங்க செய்யலாமா, இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சிவப்பு கேட்டும், அது வெள்ளை வெளேர் என்று திரும்பியதும் ஞாபகம் வந்தது. அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோய் வைப்பேன், பாத்திரத்தை எடுத்து வருவேன், அவ்வளவுதான். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் லீவு போட்டுவிட்டு அவனோடு இருந்தாள். தூக்குவது, குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது எல்லாம் அவளே. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிடுவாள். அண்ணன் அவளைப் பார்க்க மாட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். என்ன இருந்தாலும் கால் போனவன், கோபம் இருக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவன் பேன்ட்டுகளையெல்லாம் வலது காலில் குறைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். எத்தனையோ பேருக்கு உயரம் குறைத்துத் தைத்திருக்கிறேன். ஒற்றைக் காலை மட்டும் குறைப்பது அதுதான் முதல் தடவை. கத்திரி வைக்கும்போது கை வரவில்லை. அண்ணி துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேன்ட்டுகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஊரான் காலையெல்லாம் பார்க்கத் தெரிஞ்சது, வீட்டுக் காலைப் பார்க்கத் தெரியல என்று சொல்லிவிட்டேன்.

அவள் துண்டைத்தான் மடித்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணன் திரும்பினான்.

"அவளைச் சொல்லாதே. அந்தப் பட்டனை அமுக்கினது நான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவனே சொன்னான். முதல் படம் எடுத்த அடுத்த வாரமே கால் கொஞ்சம் சிவந்திருந்ததாம். அண்ணி கை கழுவப் போகும்போது கேமரா மேஜையில் இருக்கும். அன்று கேட்டை வெள்ளையடித்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அமுக்கிவிட்டான். படம் எடுத்து முடித்து அவள் கட்டுத்துணி எடுக்கத் திரும்பும்போது மறுபடி அமுக்கிப் பழையபடி வைத்துவிட்டான். அதற்கப்புறம் வாராவாரம் அதே வேலை. திரையின் மூலையில் தெரிகிற பொடி எழுத்தை அவள் கண்ணாடி போட்டும் கவனிக்கவில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கடைசித் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்ப தெரியும்?"

"டாக்டர் சொன்னப்பவே. நான்தான் அதை வீட்டுக்குள்ள தொடவே மாட்டேனே."

பின்னே எதற்காக அத்தனை பேர் முன்னால் உன் தலையில் போட்டுக்கொண்டாய், நான் தெருவெல்லாம் பேசினபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"ஆபரேஷனுக்குப் போற மனுஷனை டாக்டர் திட்டணுமா? என்னைத் திட்டினா எனக்கு ஒண்ணும் வலிக்காது. பழகிப்போச்சு."

அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்தான். பழைய ஞாபகத்தில் இல்லாத காலை ஊன்றப் போய்ச் சாய்ந்தான். அவள் போய்த் தோளைப் பிடித்துத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள். அப்போதும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சிவப்பைப் பார்த்தா நடையை நிறுத்திடுவே. நிறுத்தினா மறுபடியும் வாரம் பூரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பே. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நீ சிரிச்சே. அதை நிறுத்த எனக்கு மனசு வரல. அடுத்த வாரம் சரியாயிடும், அடுத்த வாரம் சரியாயிடும்னு நினைச்சேன்."

கோபம் வந்தால் அவளுக்கு உதடு வெளுத்துவிடும், பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். இப்போது வெளுத்தது. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கட்டிலில் அவன் வலது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"தெருவுக்காகவா நான் சிரிச்சேன்? சொல்லியிருந்தா, இந்தக் கட்டில்ல உங்க பக்கத்துல உட்கார்ந்துகிட்டே சிரிச்சிருப்பேனே."